அண்ணன் அனுப்பிய அதிகாரங்கள்

கர்த்தருக்குள் மரியாதைக்குரிய அண்ணனுக்கு, பணிமனை மெக்கானிக்காக இருக்கும் உங்கள் தங்கை ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு யாவரும் சுகம். உங்கள் இரத்த அழுத்தமும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது.

நீங்கள் சொல்லச் சொல்ல அண்ணி எழுதிய கடிதம் கிடைத்தது. இருபத்திரண்டு ஆண்களுக்கு மேலே ஒரு பொம்பளை பொறுப்பாளரா, குடும்ப மானம் கப்பலேறிவிடும், திங்கட்கிழமைக்குள் பதவி வேண்டாமென்று எழுதிக் கொடு, காரணம் வேதத்திலேயே இருக்கிறது என்று வழக்கம்போல் வசனத்தைச் சொல்லாமல் அதிகார எண்ணை மட்டும் போட்டிருந்தீர்கள். எடுத்துப் படித்தேன். நியாயாதிபதிகள் நாலாம் அதிகாரம். தெபொராள் மரத்தடியில் உட்கார்ந்து நாட்டுக்கே நியாயம் தீர்க்கிறாள், படைத்தலைவன் பாராக்கோ நீ கூட வந்தால்தான் போருக்குப் போவேன் என்கிறான். அடுத்து அப்போஸ்தலர் பதினாறு. லீதியாள் இரத்தாம்பரப் பட்டுத்துணி வியாபாரம் செய்கிறாள், வீட்டில் ஊழியக்காரர்களைத் தங்க வைக்கிறாள், அண்ணன்கிட்ட கேட்டாளான்னு ஒரு வரிகூட இல்ல. கண்ணைத் திறந்துவிட்டீர்கள், நன்றி.

அந்தத் தைரியத்தில்தான் செவ்வாய்க்கிழமை ஒரு பஸ்ஸை வெளியே விடமாட்டேன் என்றேன். பிரேக் சரியில்லை. அந்த டிரைவரை எல்லோரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவோம். "பொம்பள சொல்லி நான் வண்டிய நிறுத்தணுமா?"ன்னு கேட்டுட்டு சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனார். வண்டி மெதுவாகத்தான் போச்சு, ஆனா நிக்கவே இல்ல. வாசல் கதவைச் சாய்த்து, மேனேஜரின் புது ஸ்கூட்டரை அப்பளமாக்கி, தண்ணீர்த் தொட்டியில் முட்டித்தான் நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம். அதே வண்டி அறுபது பேரோடு சாலையில் போயிருந்தால்? மேனேஜர் நசுங்கிய ஸ்கூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "திங்கள் வரைக்கும் எதுக்கும்மா, பொறுப்பை ஏத்துக்கிறேன்னு இப்பவே கையெழுத்துப் போடு" என்றார்.

போட்டுட்டேன். பதினாறு வருஷம் வண்டிக்கடியில் படுத்துக் கிடந்தவள் நான். நிமிர்ந்து நாற்காலியில் உட்கார்ந்ததும்தான் மானம் போகுமென்றால், தாராளமாகப் போகட்டும்.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சகல ஆசீர்வாதமும், அண்ணிக்குத் தனியாக என் அன்பும்.

இப்படிக்கு,
அடங்காத தங்கை, பணிமனைப் பொறுப்பாளர்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் ஊர் பஸ்ஸில் அண்ணியே வந்து இறங்கினார்கள். நீங்கள் சொன்னது பெண்கள் அமைதலாயிருக்கச் சொல்லும் தீமோத்தேயுவாம். "அவர் பாட்டுக்குச் சொன்னாரு, நான் பாட்டுக்கு எழுதினேன்" என்கிறார்கள். ஆகவே மேலே உங்களுக்குச் சொன்ன நன்றியை அடித்துவிடவும். எங்கள் உதிரிபாக ஸ்டோரில் எழுத்துவேலைக்கு ஆள் தேவை. அண்ணியை நாளையே வரச் சொல்லிவிட்டேன். இதற்குப் பதிலை நீங்களேதான் எழுத வேண்டியிருக்கும்.