சல்லடை ஐயா பேசிய கெட்ட வார்த்தை

தஞ்சை ஜில்லாவில் அரிசிக்குச் செக்போஸ்ட் போட்டது அரசாங்கம். வார்த்தைகளுக்குச் செக்போஸ்ட் போட்டது சல்லடை ஐயா ஒருவர்தான். அரிசி வெளியே போய்விடக் கூடாது என்று பஸ்ஸை நிறுத்திப் பைகளைக் கிளறிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வேற்றுமொழி உள்ளே வந்துவிடக் கூடாது என்று எங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளின் வாயைக் கிளறிக்கொண்டிருந்தார் அவர். செக்போஸ்டில் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தால் ஒரு மூட்டை நகர்ந்துவிடும். ஐயாவிடம் ஒரு 'ஜ' கூட நகராது.

மன்னார்குடிக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையில் இருந்த நடுநிலைப் பள்ளி அது. நான் அங்கே சயின்ஸ் டீச்சர், அவர் தமிழாசிரியர். அவருடைய சொந்தப் பெயர் இப்போது எனக்கு நினைவில்லை. அதை அவரே இரண்டு முறை மாற்றிக்கொண்டதால், எதை நினைவில் வைத்துக்கொள்வது என்று அப்போதே எனக்குக் குழப்பம். பிள்ளைகள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. யார் எந்தச் சொல்லைச் சொன்னாலும் தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, "எங்கிருந்து வருகிறது?" என்று கேட்பார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள், தங்களைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கும்பகோணம், நாகப்பட்டினம் என்று சொல்லிவிட்டு நிற்பார்கள்.

வருடா வருடம் சென்னையிலிருந்து புதுப் பாடநூல் கட்டு வந்ததும் முதலில் அவர் கைக்குத்தான் போகும். பாடநூல் எழுதுகிறவர்களுக்குள் எவனோ ஒருவன் வேண்டுமென்றே புகுந்திருக்கிறான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அவன் யார் என்பதில்தான் சந்தேகம். பக்கம் பக்கமாகச் சிவப்பு மையால் அடித்து, மேலே தன் சொல்லை எழுதி, அதைப் பார்த்துப் பிள்ளைகளையும் அவரவர் புத்தகத்தில் அடிக்கச் சொல்வார். எங்கள் எட்டாம் வகுப்பு படித்தது அரசாங்கம் அச்சடித்த பாடம் இல்லை. அதன் தலைமேல் ஐயா எழுதிய பாடம்.

இது தமிழோடு நின்றிருந்தால் எனக்கென்ன போயிற்று. ஒரு காலாண்டுத் தேர்வில் என் சயின்ஸ் பேப்பரைத் திருத்த உட்கார்ந்தேன். உயிர்வளி, நீர்வளி, கரிவளி என்று வரிசையாக வளி அடித்தது. நான் சொல்லிக்கொடுத்த ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எந்தத் தாளிலும் இல்லை. விடைத்தாள் கட்டோடு ஐயாவிடம் போய், என் பாடத்துக்கு என் பிள்ளைகள் எழுதிய பதில் சரியா தவறா என்று கேட்டுத் திருத்திக்கொண்டு வந்தேன். எல்லாம் சரி என்றார். எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். ஆனாலும் மார்க் போட்டேன்.

பெயர்களையும் அவர் விடவில்லை. தேவசகாயம் என்ற பையன் இறைத்துணை ஆனான். சந்திரா என்ற பெண் பிறைநிலா ஆனாள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த ராவுத்தர், அதிராம்பட்டினத்திலிருந்து வந்து குடியேறியவர். அவர் மகன் அப்துல் காதரின் பெயரையும் மாற்ற அனுமதி கேட்டுப் போனார் ஐயா. ராவுத்தர் முழுக்கக் கேட்டுவிட்டு, தாராளமாக மாற்றலாம், கூப்பிட்டால் பையன் திரும்பிப் பார்க்க வேண்டுமே என்று வருத்தத்தோடு சொன்னார். அதில் நியாயம் இருப்பதாகச் சந்தேகப்பட்டு ஐயா திரும்பி வந்தார்.

அதே கடையில்தான் அவருக்குப் பெரிய சோதனை. தேநீர் என்று கேட்டால் ராவுத்தர் டீ கொடுத்துவிடுவார். சர்க்கரை குறைந்தால்தான் வம்பு. சர்க்கரை வடமொழி, ஜீனி சீனத்துச் சரக்கு, இரண்டையும் அவர் நாக்கு தொடாது. ஒருநாள், தீம் என்றால் இனிமைதானே என்று தைரியமாக, "இன்னும் கொஞ்சம் தீங்கட்டி" என்றார். ராவுத்தர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு இடுக்கியால் அடுப்பிலிருந்து ஒரு நெருப்புத் துண்டை எடுத்துக்கொண்டு வந்து மரியாதையாக நீட்டினார். ஐயா பீடி குடிக்கப் பழகிவிட்டார் போலிருக்கிறது என்று அன்று ஊரெல்லாம் பேச்சு.

தமிழைச் சொல்லி வந்த கட்சியின் கைக்கு ஆட்சி மாறியிருந்த காலம். தமிழுக்காக இவ்வளவு பாடுபடுகிறவர் ஆளுங்கட்சிக்காரராகத்தான் இருப்பார், நம்மைப் பற்றிச் சென்னைக்கு மொட்டைக் கடிதம் போடுகிறார் என்று எங்கள் தலைமையாசிரியர் நம்பினார். ஐயா ஸ்டாப் ரூமுக்குள் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு டிராயரைப் பூட்டுவார். அவர் டிராயரைப் பூட்டுவதைப் பார்த்து ஐயாவுக்கு அவர்மேல் சந்தேகம். உண்மையில் ஆளுங்கட்சிக்கே ஐயாவைப் பிடிக்காது. அவர்கள் சுவரில் எழுதிய 'பிரம்மாண்டமான பொதுக்கூட்டம்' என்பதை அவர் கரித்துண்டால் அடித்து 'மாபெரும் பொதுக்கூட்டம்' ஆக்கியிருந்தார். செங்கொடி விவசாயிகள் சங்கத்தின் சுவரிலும் அதே கை, அதே கரி. ஆளுங்கட்சியிலிருந்து நான்கு பேர் சண்டைக்கு வந்தபோது, முன்னால் நின்றவரின் பெயர் என்ன என்று கேட்டார். ராஜமாணிக்கம் என்று அவர் சொல்லிவிட்டார். முதலில் அதைச் சரிசெய்துவிட்டு மற்றதைப் பேசலாம் என்றார் ஐயா. சண்டை அதோடு முடிந்தது.

ஆனால் ஊரில் நடந்துகொண்டிருந்த இன்னொரு சண்டை அவ்வளவு லேசில் முடிகிறதாக இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைச் சர்க்கார் பதிவு செய்யப்போவதாகச் சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் அவர்களை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. அதனால் பெயர் ஏறுவதற்குள் வெளியேற்றிவிட மிராசுதார்கள் அவசரப்பட்டார்கள். பாலத்தடியில் போலீஸ் வேன் நின்றது. சங்கத்துக்காரர்கள் உட்காரும் இடத்தில் மிராசுதார் ஆட்கள் உட்கார மாட்டார்கள். யாராவது இருவர் மெதுவாகப் பேசினால் மூன்றாமவர் நின்று பார்த்தார்.

அப்படிப் பயந்தவர்களில் அஞ்சலையும் ஒருத்தி. கணவர் இறந்தபின், அவர் உழுத, ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல் வரும் ஐந்து மா நிலத்தை அவளே குத்தகைக்குத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தாள். பெயரைப் பதிய மனு எழுத வேண்டும். டவுனில் மனு எழுதுகிறவர்கள் எல்லோரும் மிராசுதாரின் காரியஸ்தரோடு வெற்றிலை போடுகிறவர்கள் என்று அவளுக்குச் சந்தேகம். சங்கத்துக்காரர் எழுதினால் போலீஸ் வருமோ என்று இன்னொரு சந்தேகம். கடைசியில் வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று மகளை எழுதச் சொன்னாள். மகள்தான் நான் முன்னால் சொன்ன சந்திரா. எட்டாம் வகுப்பில் தமிழில் முதல் மார்க், ஐயாவின் செல்லப் பிள்ளை.

விசாரணைக்குத் தாசில்தார் ஊருக்கே வந்தார். வேறு இடம் இல்லாததால் எங்கள் எட்டாம் வகுப்பறையில் நாற்காலி போட்டார்கள். பள்ளிக்கு விடுமுறை விட்டும் பிள்ளைகள் போகவில்லை, ஜன்னல் கம்பிகளில் தொற்றிக்கொண்டிருந்தார்கள். தாசில்தாருக்குப் பின்னால் கரும்பலகையில், 'பிறமொழி கலவாமல் எழுதுக' என்று முந்தின நாள் பாடம் அழிக்கப்படாமல் இருந்தது.

குமாஸ்தா அஞ்சலையின் மனுவைப் படிக்கத் தொடங்கி, முதல் வரியிலேயே நின்றார். வட்டாட்சியர் என்று யாருக்கோ எழுதியிருக்கிறதே என்றார். அது நீங்கதான் சார் என்று சந்திரா தாசில்தாரைக் கைகாட்டினாள். தாசில்தார் சிரித்துவிட்டார். இன்றைக்கு அவர்கள் ஆபீஸ் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது; அன்றைக்கு அது புதுச் சொல்.

அடுத்த சொல்லுக்கு அவர் சிரிக்கவில்லை. 'என் கணவர் இந்நிலத்தில் உழுபங்கினராக இருந்தார், இப்போது நான் உழுபங்கினராக இருக்கிறேன்' என்று மனு போயிற்று. குத்தகைதாரருக்கு ஐயா கண்டுபிடித்து வகுப்பில் எழுதிப்போட்ட சொல் அது. மிராசுதாரின் வக்கீல் எழுந்தார். மனுவில் குத்தகை என்ற வார்த்தையே கிடையாது, பங்கு என்றுதான் இருக்கிறது, ஆகவே இந்தப் பெண் மிராசுதார் குடும்பத்துக்குத் தன்னைப் பங்காளி என்கிறாள், பங்காளித் தகராறு சிவில் கோர்ட்டுக்குப் போகட்டும், இங்கே பதிய ஒன்றுமில்லை என்று நிதானமாகச் சொன்னார். மிராசுதார் தலையாட்டினார். சிவில் கோர்ட்டுக்குப் போனால் அந்தப் பெண் பாட்டியாகித்தான் திரும்புவாள்.

இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று தாசில்தார் கேட்டார். ஐயா தானாகவே வராந்தாவிலிருந்து உள்ளே வந்தார். உழு என்பது வினையடி, பங்கு என்பது விளைவில் பெறும் கூறு என்று இலக்கணத்தில் ஆரம்பித்தார். அவர் பேசப் பேச வக்கீலின் முகம் மலர்ந்தது. பின்னால் நின்ற சங்கச் செயலாளர், வாத்தியாருக்கு மிராசுதார் வீட்டிலிருந்து ஏதோ போயிருக்கிறது, மனுவை வேண்டுமென்றே கெடுத்திருக்கிறார் என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், எல்லோருக்கும் கேட்டது.

அஞ்சலை எழுந்து நின்றாள். அழவில்லை. ஐயாவை நேராகப் பார்த்தாள்.

"ஐயா யாரு பக்கம்னு மட்டும் சொல்லிடுங்க."

ஐயா பேச்சை நிறுத்தினார். தாசில்தார், தனக்கு இலக்கணம் வேண்டாம், ரிக்கார்டில் ஏறுகிற வார்த்தை ஒன்றுதான், அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும் என்றார். ஐயா கரும்பலகையைப் பார்த்தார். ஜன்னலில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு விளக்கெண்ணெய் குடிக்கிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த அம்மா குத்தகைதாரர். நிலத்தில் சாகுபடி இவர்களுடையது. மகசூலில் மிராசுதாருக்குச் சேரவேண்டியது போகத்துக்குப் போகம் பாக்கி இல்லாமல் வசூலாகியிருக்கிறது. ரசீது கேட்டார்கள், காரியஸ்தர் தரவில்லை. நான் ஆஜராகிச் சொல்கிறேன். பைசல் செய்யுங்கள்."

ஜன்னலில் இருந்து ஒரு பொடியன், "ஐயா கெட்ட வார்த்தையா பேசுறாருடா" என்றான்.

ஒரு தமிழ் வாத்தியாருக்கு இந்தக் கணக்கெல்லாம் எப்படித் தெரியும் என்று வக்கீல் கேட்டார். களத்துக்கு எதிர்வீட்டில்தான் குடியிருப்பதாகவும், மிராசுதார் வீட்டு மரக்கால்மேல் தனக்குச் சந்தேகம் உண்டு என்பதால் ஒவ்வொரு அறுவடைக்கும் ஜன்னலில் நின்று அளவைப் பார்ப்பதாகவும் ஐயா சொன்னார். சரி, இந்தச் சர்க்கார் வார்த்தைகள் இவ்வளவு சரளமாக எப்படி வருகின்றன என்று வக்கீல் விடாமல் கேட்டார்.

"என் தகப்பனார் வேறோர் ஊரில் பண்ணைக் கணக்குப்பிள்ளை. இந்தச் சொற்களைக் கொண்டு எத்தனை குடும்பங்களை நிலத்தைவிட்டு இறக்கினார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்து வளர்ந்தவன் நான். அன்றிலிருந்துதான் எனக்குச் சொற்கள்மேல் சந்தேகம்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். தாசில்தார், மனுவில் அந்தச் சொல்லைத் திருத்தி அஞ்சலையின் கைநாட்டை வாங்கச் சொன்னார். பெயர் ஏறியது. சங்கச் செயலாளர் ஐயாவிடம் வந்து ஏதோ சொல்லப்பார்த்தார். ஐயா அவரைத் தாண்டிக் கொல்லைப்பக்கக் குழாய்க்குப் போய், வாய் கொப்பளித்துக்கொண்டே இருந்தார். நான் துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தத் துண்டையும் ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தார்.

மறுநாள் எட்டாம் வகுப்பில் புதுப் பாடம் தொடங்கியது. அதற்கு அவர் வைத்த பெயர் வேவுப் பாடம். எதிரியின் பாசறையில் புழங்குகிற சொற்களை ஒற்றர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று சொல்லி, பட்டா, அடங்கல், ஜப்தி, வாரிசு, ஜமாபந்தி என்று கரும்பலகை நிறைய எழுதிப்போட்டார். ஒவ்வொன்றுக்கும் பொருள், அது எந்த ஆபீஸில் எந்த ஜன்னலில் புழங்கும், எதைக் கேட்டால் எதைச் சொல்ல வேண்டும் என்று எல்லாம். பாடத்திட்டத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் உயிரைக் கொடுத்துப் படித்தார்கள். வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் நடத்தினார்கள். கொஞ்ச நாளில் மனு எழுத எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தேடிப் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். ஐயா மட்டும் மாறவில்லை. அந்தப் பாடம் முடிந்ததும் கரும்பலகையை ஈரத்துணியால் இரண்டு தரம் துடைப்பார்.

மிராசுதார் சும்மா இருப்பாரா? பள்ளிக்கூடத்தில் அரசியல் நடத்துகிறார் என்று புகார் போயிற்று. ஆளுங்கட்சிக்காரர்களும் ஐயாவுக்காகப் பேசவில்லை, அவர்கள் சுவர் அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. திருப்பனந்தாள் பக்கத்துக்கு மாற்றல் வந்தது. அந்த உத்தரவை வாங்கி, அதில் இருந்த பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் பஸ் ஏறினார். வழியனுப்ப வந்த அஞ்சலை ஒரு சிறு மூட்டை புது அரிசி கொண்டுவந்திருந்தாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை, பஸ் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம். தமிழாசிரியர் நிற்கிற இடம் காலியாக இருந்தது. ஆண்டுத் தேர்வு முடிவைப் பற்றிப் பேசிய தலைமையாசிரியர், நம்ம பிள்ளைங்க எல்லாரும் பாஸ் பண்ணினதுல எனக்கு ரொம்ப சந்தோஷம் என்றார். சொன்னவர் சட்டென்று நிறுத்தி, அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். பிள்ளைகளும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும்.

"ரொம்ப மகிழ்ச்சி" என்றார் அவர், மெதுவாக.