கீசரும் மச்சினனும்

டிசம்பர் பதினெட்டாம் தேதி காலை ஆறரை மணிக்கு, இடுப்பில் துண்டோடு வெடவெடவென்று நடுங்கியபடி, லிங்கராஜபுரம் ரெமிஜியஸ் ஒரு சபதம் எடுத்தார். கீசரை அவரே ரிப்பேர் செய்வார். மச்சினன் லாயிட் இந்தக் கிறிஸ்துமஸுக்கு இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது.

சும்மா எடுத்த சபதமா அது? போன வருஷம் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று மனைவி மௌரீன் கே.ஜி.எஃப்பிலிருந்து தம்பியை வரவழைத்தாள். லாயிட் பத்து நிமிஷத்தில் குழாயைச் சரி செய்தான். அப்புறம் பெண்டாட்டி, மூன்று பிள்ளைகளோடு பதினோரு நாள் தங்கினான். பதினோரு நாளும் ரிமோட் அவன் கையில், கட்டிலும் அவனுக்கே. வீட்டுக்காரருக்கு ஹாலில் பாய். போதாக்குறைக்கு, மாமாவுக்கு ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது என்று பக்கத்து வீட்டு பியாட்ரிஸிடம் சொல்லிவிட்டான். அந்த அம்மா இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

இப்போது அரை மாசமாகக் கீசர் மக்கர். சிவப்பு விளக்கு என்னவோ ஜம்மென்று எரிகிறது, தண்ணீர்தான் ஆறிப்போன காபி மாதிரி வருகிறது.

"லாயிட்டுக்கு ஒரு போன் போடட்டுமாங்க?" என்றாள் மௌரீன்.

"வேணாம். நானே சரி பண்றேன். பண்ணிட்டா அவன் வரக்கூடாது."

மௌரீன் தோசையைத் திருப்பிப் போட்டாள். "நீங்க சரி பண்ணிட்டா ரிப்பேருக்கு அவன் எதுக்கு?"

இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. மனுஷனுக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. வெற்றி மயக்கம் வேலை ஆரம்பிக்கும் முன்பே தலைக்கு ஏறிவிட்டது.

ரெமிஜியஸ் சரித்திர வாத்தியார். எந்தப் போர் எந்த வருஷம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார், வீட்டு மெயின் சுவிட்ச் எங்கே என்று மட்டும் மௌரீனைக் கேட்டார். செல்போன் வீடியோவில் ஒரு கன்னடக்காரர் கீசர் வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார். மெயினை அணைத்தாயிற்று. சுவிட்ச், வயர் எல்லாம் சரி. வெப்பம் கூட்டுகிற குமிழும் முழுசாகத்தான் திருகியிருந்தது. அப்படியானால் கோளாறு உள்ளே என்றார் கன்னடக்காரர். தண்ணீரை வடித்துவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இவர் கழற்றிவிட்டார். பதினைந்து லிட்டரும் தலையில். அன்றைய குளியல் அதோடு முடிந்தது.

ஆனால் திருடன் அகப்பட்டுவிட்டான். தண்ணீரைச் சுடவைக்கும் காயில் கம்பி முழுக்கப் போர்வெல் தண்ணீரின் உப்பு வெள்ளை வெளேரென்று அப்பிக் கிடந்தது. கிறிஸ்துமஸ் பன்றிக்கறிக்கு வைத்திருந்த வினிகர் பாட்டிலைக் கவிழ்த்து அதை ஊறப் போட்டார். பழைய டூத் பிரஷ்ஷும் புது வாஷரும் மௌரீனே கொண்டுவந்து நீட்டினாள்.

சாயங்காலம் காயிலை மாட்டி, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மெயினைப் போட்டார். இருபது நிமிஷம் கழித்துக் குழாயைத் திறந்தால், அடேயப்பா, ஆவி பறக்கிறது. ரெமிஜியஸ் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டு தரம் குளித்தார். பியாட்ரிஸைக் கூப்பிட்டு வாளியில் விரல் விட்டுப் பார்க்கச் சொன்னார், அவள் கையை உதறியதைப் பார்த்து மனசு குளிர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில், கூட வேலை பார்க்கும் டென்சிலைப் பிடித்து நிறுத்தி, அரை மணி நேரம் காயில் பற்றிப் பிரசங்கம் செய்தார். சாமியாரே அன்று அவ்வளவு நேரம் பேசவில்லை. இனி கட்டில் அவருடையது, ரிமோட் அவருடையது, கிறிஸ்துமஸே அவருடையது.

திங்கட்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மூன்று பிள்ளைகள் குதித்தார்கள். பெட்டி இறங்கியது, இன்னொரு பெட்டி இறங்கியது. கடைசியாக லாயிட் இறங்கினான், வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டோடு.

ரெமிஜியஸ் மனைவியைப் பார்த்தார். "வரக்கூடாதுன்னு பேச்சு."

"ரிப்பேருக்குத்தானே வரக்கூடாது. அந்தக் கையை வச்சுக்கிட்டு அவன் என்ன ரிப்பேர் பண்ணப் போறான்? பண்டிகைக்கு வந்திருக்கான், பாவம்."

லாயிட் இடது கையால் அவரைக் கட்டிக்கொண்டான்.

"கை உடைஞ்சு பதினைஞ்சு நாளாச்சு மாமா. சுடுதண்ணி இல்லாத வீட்டுக்குப் புள்ளைங்கள எப்படிக் கூட்டிட்டு வர்றதுன்னு கேட்டேன். என் பேரைச் சொன்னா போதும், மாமாவே சரி பண்ணிடுவாருன்னு அக்கா அப்பவே சொல்லிச்சு."