பலகைக்குப் பொன்ஜூர் சொன்னவர்

மொன்றியலில் தமிழர் குடியேறிய காலத்திலிருந்து இன்றுவரை பலகை அண்ணையைப் போலப் பயந்த ஒரு மனிதர் அந்த நகரத்தில் கால் வைத்ததில்லை. இதை நான் எந்தக் கோவிலிலும் சத்தியம் செய்து சொல்வேன்.

அணிலுக்குப் பயம். லிஃப்டுக்குப் பயம். பார்க் மெற்றோ நிலையத்தில் நகரும் படிக்கட்டு தன் காலை விழுங்கிவிடும் என்று, பக்கத்துப் படியில் மூச்சு வாங்க ஏறுவார். தொலைபேசி அடித்தால் எடுப்பார், ஆனால் பேசமாட்டார். அந்தப் பக்கம் இருப்பவர் தன் பெயர், ஊர், எடுத்த காரணம் எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் "ஓம், சொல்லும்" என்பார். இப்படிப்பட்டவருக்கு என்ன தொழில் என்று நினைக்கிறீர்கள்? துறைமுகத்திலிருந்து கொண்டெய்னர் ஏற்றிக்கொண்டு கனடாவின் மறு கரைவரை ட்றக் ஓடுவது.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தில் அவர் மேல்மாடி, நான் கீழ்மாடி. மன்னார்க்காரர், கத்தோலிக்கர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சுவாமியாருக்கே மறந்துபோயிருக்கும். எங்காவது சரித்திர நினைவுப் பலகையைக் கண்டால் போதும், வாகனத்தை நிறுத்திவிடுவார். அதனால்தான் பலகை அண்ணை.

பலகைக்கு முன்னால் போய்த் தொப்பியைக் கழற்றுவார். "பொன்ஜூர்" என்று பலகைக்குப் பிரெஞ்சில் வணக்கம் சொல்வார். எழுத்துக்கூட்டி வாசிப்பார். பிரெஞ்சு அவருக்கு விளங்காது, ஆனாலும் விடமாட்டார். கடைசியில் "மெர்சி" என்று நன்றி சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டு திரும்புவார்.

"ஏன் அண்ணை இந்த வேலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தம்பி, முதல் வந்த ஆக்கள் செத்தாலும் போகமாட்டினம். இஞ்சதான் நிண்டு பாத்துக்கொண்டிருப்பினம். பின்னால வந்த நாங்கள் ஒரு சொல்லுக் கேக்காமல் காலடி வைக்கலாமே?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இவையளுக்கு முதலும் இஞ்ச ஆக்கள் இருந்தவையெல்லோ அண்ணை, இந்த மண்ணின்ர பூர்வீகச் சனம்?"

அவர் முகம் வெளிறிவிட்டது. "அவைக்குப் பலகை எங்க?"

"அநேகமா இல்லை."

அன்றிலிருந்து பலகைக்கு ஒரு கும்பிடு, பக்கத்தில் ஒன்றுமே இல்லாத வெறும் புல்லுக்கு இன்னொரு கும்பிடு. என்னால் அவருடைய பயம் இரட்டிப்பானதுதான் மிச்சம்.

மொன்றியலுக்குப் பக்கத்தில், கர்க்லாண்டில் ஒரு கலியாணம். பெண்ணைக் கோவிலுக்குக் கொண்டுபோக இருந்த வாகனம் கடைசி நேரத்தில் பழுதாகிவிட்டது. யாரோ விபரம் தெரியாதவர் பலகை அண்ணையைப் பிடித்துவிட்டார். வழியில் ஒரு பலகை. அண்ணை இறங்கிவிட்டார். கோவிலில் மாப்பிள்ளை வேர்க்கிறார், சுவாமியார் கடிகாரத்தைப் பார்க்கிறார். பெண் வெள்ளை உடுப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடிவந்தாள்.

"அங்கிள், ப்ளீஸ்! வாங்கோ!"

"பொறு பிள்ளை. நல்ல காரியத்துக்குப் போறாய். நீயும் வந்து ஒருக்காக் கும்பிடு, ஆசீர்வாதம் தருவினம்."

வேறு வழியில்லாமல் அவளும் கும்பிட்டாள். அது கொலரா நோயில் செத்தவர்களை மொத்தமாகப் புதைத்த இடம் என்று அடுத்த கிழமைதான் தெரியவந்தது. அதற்குப் பிறகு, "பலகை அண்ணை கொண்டுபோய் விடுறாராம்" என்றால் சனம் பனியில் நடந்தே வந்தது.

எனக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மேற்கே றெஜைனா நகரில் இருந்த என் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அண்ணைக்கும் அந்தப் பக்கம் ஒரு லோட் இருந்தது.

"நீரும் வாரும் தம்பி. தனியப் போகப் பயமாக்கிடக்கு."

போனேன். மாரி முடிகிற நேரம். வினிப்பெக் தாண்டியதும் சமவெளி தொடங்கியது. தட்டையாக, முடிவில்லாமல், வானம் தலையில் வந்து இருக்கிற மாதிரி. மனிதர் இல்லை, மரம் இல்லை, ஆனால் பலகைகள் இருந்தன! இங்கேதான் முதல் பள்ளிக்கூடம் நின்றது, இங்கேதான் முதல் கிணறு வெட்டினார்கள், இங்கேதான் முதல் தபால்கந்தோர். ஒவ்வொரு கிளைத் தெருவிலும் ஒரு கல். அவை ஆங்கிலத்தில் இருந்தபடியால், வாசித்துத் தமிழில் சொல்கிற உத்தியோகம் எனக்கு.

ஒரு கல்லில் இப்படி எழுதியிருந்தது. முதல் குடியேறியவர்கள் பனிப்புயலில் வழி தவறாமலிருக்க, வீட்டுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் இடையில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு போய்ப் பால் கறந்தார்களாம். கயிற்றை விட்ட ஒருவரை வசந்தகாலத்தில்தான் கண்டெடுத்தார்களாம், தன் வாசலுக்குப் பக்கத்திலேயே.

இதை நான் சொல்லியிருக்கவே கூடாது. அடுத்த கல்லுக்கு இறங்கும்போது, சரக்குக் கட்டுகிற பட்டியை இடுப்பில் சுற்றி, மறு நுனியை ட்றக் கதவில் கட்டிக்கொண்டு இறங்கினார். நல்ல வெயில். நான் சிரித்துச் சிரித்து இருமினேன்.

அவர் சிரிக்கவில்லை. ஏறி உட்கார்ந்து, வண்டியை எடுத்துக்கொண்டே சொன்னார். "ஊரில மிதிவெடிக்குப் பலகை வைச்சிருந்தவங்கள் தம்பி. சிவப்புப் பலகை, மண்டையோடு கீறினது. அதைப் பாக்காமல் எனக்கு முன்னால ரெண்டு பேர் நடந்து போச்சினம். நான் கூப்பிட முதல்..."

அதோடு நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பலகையையும் சத்தமாக வாசித்தேன்.

மறுநாள் மத்தியானம் வானமும் நிலமும் ஒரே நிறமாகின. காற்று ட்றக்கைத் தள்ளத் தொடங்கியது. முன்னால் ரோட்டைக் காணவில்லை. அண்ணை தெருவோரம் ஒதுக்கி நிறுத்தி, எல்லா விளக்கையும் போட்டுவிட்டுச் செபமாலையை எடுத்தார். கைத்தொலைபேசி இரண்டும் செத்துக்கிடந்தன.

எனக்கு ஒன்றுக்கு முட்டியது.

"போகாதையும் தம்பி. போத்தலில ஒண்டுக்கு இரும்."

"டயருக்குப் பக்கத்திலதான் அண்ணை. இந்தா வாறன்."

இறங்கினேன். காற்று கன்னத்தில் அறைந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்சம் விலகினேன். அலுவல் முடித்துத் திரும்பினால் ட்றக் இல்லை. அவ்வளவு பெரிய ட்றக்! கையை நீட்டினேன், என் கையையே காணவில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே வெள்ளை. ஹோர்ன் கேட்டது, ஆனால் எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்டது. ஒரு பக்கம் ஓடினேன், சத்தம் குறைந்தது. மற்றப் பக்கம் ஓடினேன், இன்னும் குறைந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அந்தப் பயத்தை எப்படிச் சொல்வது? யுத்தத்தில் ஷெல் விழுந்தபோது பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். இங்கே நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. விரல்கள் மரத்துப்போயின. இமைகள் ஒட்டின. கொஞ்சம் குந்தியிருந்தால் நல்லது போல ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணம்தான் ஆளைக் கொல்லும் என்று தெரிந்தும் வந்தது. ஒரு அடி வைத்தேன். முழங்கால் எதிலோ மோதியது. தடவிப் பார்த்தால் கல். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஒரு குரல் கேட்டது. செபமாலை. ஆனால் செபம் மாதிரி இல்லை, சந்தையில் மீன் விற்கிற மாதிரி உரத்த குரல்.

"தம்பீ! சத்தம் போடும்! நிப்பாட்டாமல் கத்தும்!"

"என்னத்தைக் கத்த?"

"என்னத்தையாவது!"

"அண்ணை! அண்ணை! அண்ணை!"

வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் ஜக்கெற்றைப் பிடித்தது. இடுப்பில் பட்டி. பட்டி போதாமல் இன்னொன்று, அதுவும் போதாமல் அவர் இரவில் உடுக்கிற சாரம், எல்லாம் முடிச்சுப் போட்டு நீண்டு பின்னால் மறைந்தது. அணிலுக்குப் பயந்த மனிதர். நடுங்கிய நடுக்கத்தில் என்னையும் சேர்த்து ஆட்டினார்.

"பயப்பிடாதையும் தம்பி" என்றார், பல்லுக் கிடுகிடுக்க. "நான் பயந்துகொண்டுதான் நிக்கிறன். ரெண்டு பேர் பயப்பிடத் தேவையில்லை."

என்னை இழுத்தவர் சட்டென்று நின்றார். நான் கட்டிப்பிடித்திருந்த கல்லைக் கண்டுவிட்டார்!

"என்ன எழுதிக்கிடக்கு?"

"அண்ணை, சாகப்போறம்!"

"அதுக்குத்தான் கேக்கிறன். ஆரின்ர கல்லெண்டு தெரியாமல் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறீர். வாசியும்."

கையுறையால் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பனி மூடியது. ஒரு எழுத்துக்கூட எனக்குத் தெரியவில்லை.

"ஒரு குடும்பம் அண்ணை. முதல் மாரி இஞ்சதான் இருந்தவையாம்."

"தப்பினவையே?"

"ஓம் அண்ணை. எல்லாரும் தப்பினவை."

"அப்ப சரி. பொன்ஜூர், மெர்சி" என்று கல்லுக்கும், கல்லுக்குப் பக்கத்து வெறும் வெள்ளைக்கும் அவசரமாகக் கும்பிட்டுவிட்டு, பட்டியைக் கைக்குக் கை பிடித்துக்கொண்டு என்னை இழுத்து நடந்தார். ட்றக் கதவு ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை.

உள்ளே ஏறியதும் என் காலணிகளைக் கழற்றி, என் பாதங்களைத் தன் சுவெற்றருக்குள், வயிற்றோடு வைத்துக்கொண்டார். பிறகு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். புயல் அடங்கிப் பனி வழிக்கிற வண்டி வரும்வரை என் பாதங்களை அவர் விடவில்லை.

றெஜைனாவில் அக்கா குழந்தையோடு கதவைத் திறந்தாள். அண்ணை படியில் ஏறாமல் கீழேயே நின்று, பக்கத்து வீட்டு நாய் கட்டியிருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரடா அது?" என்றாள் அக்கா.

"எங்கட அண்ணை."

"எனக்கு மூத்ததா எங்கட வீட்டில ஆருமில்லையேடா?"

"இப்ப இருக்கிறார், அக்கா" என்றேன். "உள்ள கூப்பிடு. பாவம், பயந்துகொண்டு நிக்கிறார்."