முப்பது கையெழுத்தும் ஒரு கரடியும்

பாசத்திலும் குறையில்லாத, கோபத்திலும் குறையில்லாத என் அக்காவுக்கு, உன் ஒரே தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள், அத்தானின் முழங்கால் வலி இந்நேரம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். கடையில் இருக்கும் வாஷிங் மெஷின்களில் ஒன்பது சுகமில்லை. அதனால்தான் நாங்கள் சுகம்.

நீ பார்சலில் அனுப்பிய பன்னிரண்டு கதைப் புத்தகங்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அதில் பதினொன்று இன்னும் பத்திரமாகவே இருக்கின்றன. பன்னிரண்டாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து இனிமேல் புத்தகம் எதுவும் அனுப்பாதே. காரணம் கேட்காதே என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன். நீ கேட்காமல் விடுகிற ஆள் இல்லை.

உன் மருமகள் படிக்கிற ஆரம்பப் பள்ளிக்கு இந்த வருடம் ஒரு புதிய தலைமையாசிரியை வந்திருக்கிறார். வந்த வாரமே ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறார். பாதிப் பிள்ளைகள் படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகக் கதை விட்டிருக்கின்றன. நம் வீட்டு மூன்றாம் வகுப்பு மகாராணி அதுகூடச் செய்யவில்லை. ஒரு வரிக்கு நாலு நிமிடம் எடுத்துக்கொண்டாளாம். உடனே பெற்றோர் எல்லோரையும் கூட்டி, "பள்ளிக்கூடம் மட்டும் போதாதுங்க, ஊரும் சேர்ந்து காது கொடுக்கணும்" என்றார் அந்த அம்மா. ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். சரளமாக வாசிக்கிற பிள்ளைக்குப் பச்சை அட்டை. அது தன்பாட்டுக்கு வாசித்துக்கொள்ளும், பெற்றோருக்கு வேலையில்லை. திக்குகிற பிள்ளைக்குச் சிவப்பு அட்டை. தினமும் இருபது நிமிடம் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, தேதிக்கு நேரே கையெழுத்துப் போட்டுக் குறிப்பும் எழுதவேண்டும். நமக்கு என்ன நிறம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

உன் தம்பி பெண்டாட்டிக்கு ஆஸ்பத்திரியில் மாலை டியூட்டி. ஆகவே அட்டை என் தலையில் விழுந்தது. என் தலையோ சாயங்காலம் முழுக்க யாராவது ஒருவருடைய மெஷினுக்குள் இருக்கும். உனக்குத் தெரியும், எங்கள் தொழிலில் சர்வீஸ் கார்டு என்று ஒன்று உண்டு. வருடத்துக்கு ஆறு கட்டம். மெஷினை முதல் தடவை பார்க்கும்போதே ஆறு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுவது என் பழக்கம். எப்படியும் நான்தானே பார்க்கப்போகிறேன். அதே கையால், முதல் தேதி சாயங்காலம் ஒரு மெஷின் அலசி முடிப்பதற்குள், முப்பது நாளுக்கும் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டேன். குறிப்புக் கட்டத்தையும் சும்மா விடவில்லை. 'சத்தம் அதிகம்', 'சத்தம் குறைந்தது', 'சுழற்சி சீர்', 'அடைப்பு நீக்கப்பட்டது', 'அதிக பாரம் ஏற்றவேண்டாம்' என்று பத்தொன்பது வருட அனுபவத்தைக் கொட்டி எழுதினேன்.

பத்தொன்பதாம் தேதி பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். போனால் தலைமையாசிரியை எழுந்து நின்று கும்பிடுகிறார். "எல்லாரும் 'நன்று'ன்னு ஒரு வார்த்தை எழுதறாங்க. நீங்கதாங்க குழந்தையோட மனசுக்குள்ள போய்ப் பார்த்திருக்கீங்க! 'அதிக பாரம் ஏற்றவேண்டாம்'! எங்க ஆசிரியர்களுக்கே இதைப் படிச்சுக் காட்டினேன்" என்றார். நான் பணிவாகத் தலையை ஆட்டினேன். பக்கத்தில் வகுப்பு டீச்சர் இருந்தார். பார்த்தால் பரம சாது. அட்டையைத் திருப்பி என் மூக்குக்கு நேரே நீட்டி, "இன்னிக்குத் தேதி பத்தொன்பதுதானே சார்? முப்பது வரைக்கும் போட்டிருக்கீங்களே?" என்று மெதுவாகக் கேட்டார். தலைமையாசிரியை அதற்கும் கையைத் தட்டினார். "முன்கூட்டியே உறுதி எடுத்துக்கிட்டிருக்காரு, பாருங்க!" டீச்சர் சிரிக்கவில்லை. "அப்ப முப்பதாம் தேதி வாசிப்பு விழாவுல நீங்களும் பொண்ணும் மேடையில வாசிச்சிருங்க சார். மாசம் முழுக்க அப்பா பக்கத்துல உட்கார்ந்து கேட்ட குழந்தை, நல்லாவே வாசிக்கும் இல்ல?"

வீட்டுக்கு வந்து, முன்பக்கக் கடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன் அக்கா. நான் அசிங்கப்பட்டால் போகிறது. மெஷின்காரன் புளுகினான் என்று நாலு நாள் பேசுவார்கள். ஆனால் மேடையில் நின்று ஊரே பார்க்கத் திக்கப்போவது அவள். நான் போட்ட பொய்க் கையெழுத்துக்கு அவள் தலைகுனிய வேண்டுமா? வெட்கமாக இருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து வாசிக்க வைப்பது என்று தீர்மானித்து, "அத்தை அனுப்பின புத்தகத்துல உனக்குப் பிடிச்சதைக் கொண்டா" என்றேன். அவள் அசையாமல் நின்று, கடை மூலையில் ஓடிக்கொண்டிருந்த தையல்கார அம்மாவின் மெஷினைக் காட்டினாள்.

கோபப்படாமல் படி. அந்த மெஷினுக்கு ஒரு கால் குட்டை. நீ அனுப்பியதிலேயே தடிமனான, கெட்டி அட்டை போட்ட புத்தகத்தைத்தான் அதற்கு முட்டுக் கொடுத்திருந்தேன். இருந்த அவசரத்தில் மெஷினை நிறுத்தத் தோன்றவில்லை, குனிந்து உருவிவிட்டேன். அது துணி பிழிகிற சமயம். மெஷின் ஒரு குலுக்குக் குலுக்கி, குழாயைப் பிய்த்துக்கொண்டு, தண்ணீரைப் பீய்ச்சியபடி வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. எதிர்க்கடையிலிருந்து தையல்கார அம்மா கத்திரியும் கையுமாக ஓடிவந்து, "ஐயோ, என் மெஷின் எங்க போகுது?" என்று கேட்டார். அதைக் கட்டிப்பிடித்து நிறுத்தியதில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, அன்றைக்கு இனி எந்த வேலையும் ஓடாது என்று ஆகிவிட்டது. ஆகவே ஈரத் தரையில் ஸ்டூலைப் போட்டு, முதல் முதலாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கதை என்னவென்றால், ஒரு கரடி தபால்காரர் வேலைக்குச் சேருகிறது. பையில் முகவரி எழுதாத கடிதம் ஒன்று இருக்கிறது. அது யாருக்கு என்று வீடு வீடாகப் போய் விசாரிக்கிறது. உன் மருமகள் வாசிக்கிற வேகத்துக்கு ஒரு நாளில் ஒரு வீடுதான் தேறும். ஒரு வார்த்தை படிப்பாள், என் தோளில் சாய்வாள், "இது என்னப்பா?" என்பாள். மெஷினை வாங்கிப்போகக் காத்திருந்த தையல்கார அம்மா உட்கார்ந்து கேட்டார். மறுநாளும் வந்தார். லாட்ஜ் வைத்திருக்கிறவர் வந்தார். "உங்க மெஷின் சரியாகி மூணு நாள் ஆச்சுங்களே, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றால், "கரடிக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம எப்படிங்க போறது?" என்கிறார். கடையில் ஸ்டூல் பற்றாமல், நான்கு பேர் பழுதான மெஷின்களின் மேல் ஏறி உட்கார்ந்து கேட்டார்கள். இதற்கு நடுவே ஒருநாள் நான் மெஷினுக்குள் தலையை விட்டபடி, "அந்தக் கையேட்டுல நாலாம் நம்பர் கோளாறுக்கு என்ன போட்டிருக்கான், யாராவது பாருங்க" என்றேன். "மின் இணைப்பைத் துண்டித்தபின் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யவும்" என்று இவள்தான் ஒரே மூச்சில் சொன்னாள். நான் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்தேன்.

பதினொரு நாளும் ஓடிவிட்டது. கடைசி நாலு பக்கங்களை நாங்கள் தொடவே இல்லை. விழாவில் அதைத்தான் வாசிக்கவேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். என் கடை ஜமா முழுவதும் முன் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூடம் பக்கமே தலைவைத்துப் படுக்காத லாட்ஜ்காரர் எனக்கு முன்னால் வந்து இடம் பிடித்திருந்தார். தலைமையாசிரியைக்கு வாயெல்லாம் பல். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள் என்று ஏற்பாடு. மேடை ஏறிச் சட்டைப்பையைத் தடவினால் கண்ணாடி இல்லை. அது லாட்ஜ்காரரின் மெஷினுக்குள் இருந்தது. பிறகு கண்டெடுத்தேன், நன்றாக வெளுத்திருந்தது. எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தேன், கிட்டே பிடித்தேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு புத்தகத்தை வாங்கி, என் பக்கத்தையும் சேர்த்து நாலு பக்கத்தையும் கணீரென்று வாசித்தாள் அக்கா! ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. அந்தக் கடிதம் கரடிக்கே வந்தது. பிரித்துப் பார்த்தால், 'பையை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்' என்று எழுதியிருக்கிறது. தையல்கார அம்மா மூக்கைச் சிந்தினார். நானும்தான்.

அங்கேயே, மேடையிலேயே, டீச்சர் அவளுக்குப் பச்சை அட்டை கொடுத்தார். என் மானம் தப்பியது. வீட்டுக்கு நடக்கும்போது, "இனிமே உங்க கையெழுத்து வேண்டாமாப்பா?" என்று கேட்டாள். "வேண்டாம் கண்ணு. நீயும் தப்பிச்சே, நானும் தப்பிச்சேன்" என்றேன். அவள் என் கையை விட்டுவிட்டுப் பின்னால் மெதுவாக நடந்து வந்தாள். களைப்பு போலிருக்கிறது.

ஆகவே அக்கா, கடமை முடிந்தது. இருக்கிற பதினொரு புத்தகமும் அவள் தன்பாட்டுக்கு வாசிக்கப் போதும். எனக்கு ஒன்பது மெஷின் பாக்கி கிடக்கிறது. இனி ஒரு புத்தகமும் அனுப்பவேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம். உன் ஆசி எங்கள் மூவருக்கும் வேண்டும்; ஒன்பது மெஷினுக்கும் சேர்த்துக் கொடுத்தாலும் மறுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பி.கு.: தபால்தலை வாங்க மறந்து மூன்று நாள் கடிதம் கடையிலேயே கிடந்தது. இன்று மறுபடியும் பள்ளியில் கூப்பிட்டார்கள். "மேடையில மழை மாதிரி கொட்டினா சார். இன்னிக்கு 'பட்டம்'ங்கிற ஒரு வார்த்தைக்கு முக்கால் நிமிஷம். திரும்பவும் சிவப்பு அட்டைதான் போல இருக்கு" என்றார் டீச்சர். நான் மகளைப் பார்த்தேன். அவள் மேலே சுற்றுகிற மின்விசிறியை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான், அன்றைக்குக் கையேட்டில் அவள் ஒரே மூச்சில் வாசித்த அந்த வடிகட்டி எனக்கு ஞாபகம் வந்தது. "ஆமா டீச்சர், ரொம்ப மோசம். இருபது நிமிஷம் பத்தாது, அரை மணி நேரம்னு போட்டுக்குங்க" என்றேன். டீச்சரும் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துவிட்டு, சிவப்பு அட்டையை எடுத்துக் கொடுத்தார். இன்றைய தேதிக்கு மட்டும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆகவே அக்கா, மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டுப் புத்தகம் அனுப்பு, தடிமனாகவே அனுப்பு. மெஷினுக்கு மரக்கட்டை வைத்துவிட்டேன்.