சின்ன வீடு ஸ்டார்ட் ஆகவில்லை

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் எந்த ஒயரையும் தொட மாட்டேன் என்று நான் சபதம் எடுத்தது ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு மேஜையில், மனைவிக்கு எதிரில். எழுந்து நின்றுதான் சொன்னேன். சபதத்தை நின்றுகொண்டு சொல்ல வேண்டும். உட்கார்ந்து சொன்னால் அது வெறும் அபிப்பிராயம்.

"ஆறு நாள் ஃபேக்டரியில ஒயரோட மாரடிக்கிறேன். ஏழாவது நாள் எனக்கும் என் வண்டிக்கும். வீட்டுல எது எரிஞ்சாலும் சரி, எரியாட்டியும் சரி."

"சரிங்க," என்றாள்.

அவ்வளவுதான். ஒரு 'ஆனா' இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. பதினேழு வருஷம் குடித்தனம் நடத்தியவன் அந்த இடத்திலேயே உஷாராகியிருக்க வேண்டும். நான் உட்கார்ந்து, இரண்டாவது தடவை சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டேன்.

நான் அட்டைப்பெட்டி ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். லேசுப்பட்ட எலக்ட்ரீஷியன் இல்லை. ஒருமுறை அங்கே பெரிய மெஷின் நின்றுபோய், மூன்று இன்ஜினியர்கள் இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நான் போனேன். ஒயர் வந்து சேரும் ஒரு டெர்மினலை விரலால் தடவினேன். பெயிண்டர் வார்னிஷ் அடிக்கும்போது அதன் மேலும் அடித்துவிட்டிருந்தான். பார்வைக்குப் பளபளவென்று புதுசு மாதிரி இருக்கும், கரண்டு மட்டும் தாண்டாது. பேனாக்கத்தியால் சுரண்டினேன். மெஷின் ஓடியது. இந்தக் கதையை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. கல்யாண வீடுகள், பஸ் ஸ்டாப், பல் டாக்டர் வீட்டு வரவேற்பறை, இப்படி ஓர் அறுபது எழுபது இடங்களில்தான் சொல்லியிருப்பேன். பாதி இடங்களில் என் மனைவி பக்கத்தில் இருந்தாள்.

போன வருஷம் நாலு சக்கர பைக் ஒன்று வாங்கினேன். ஏ.டி.வி. என்பார்கள். ரோட்டுக்கென்று செய்த வண்டி அல்ல. மனுஷன் நடக்கவே யோசிக்கிற மேட்டிலும் சேற்றிலும் ஓடையிலும் அது பாட்டுக்குப் போகும். ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவில் ஒரு மண்பாதை இருக்கிறது. அதில் இறங்கி, உட்காராமல் கால்களை ஊன்றி நின்று, ஓடைத் தண்ணீர் இரண்டு பக்கமும் சிதற ஏறிப் போனால், ஐயோ, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல! முகமெல்லாம் சேறு, மனசெல்லாம் சந்தோஷம். அந்த இரண்டு மணி நேரம் நான் எலக்ட்ரீஷியன் இல்லை, நாற்பத்தாறு வயசு இல்லை, கல்யாணமே ஆகவில்லை.

என் மனைவி அந்த வண்டிக்கு வைத்த பெயர் சின்ன வீடு. "இவரு சின்ன வீட்டுக்குக் கிளம்பிட்டாரு" என்று அவள் போனில் அக்காவிடம் சொன்னதைக் கேட்ட மாடி வீட்டு அம்மாள், ஒரு மாசம் என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்கள் கோஷ்டியில் ஏழு பேர். பக்கத்து வீட்டு பேக்கரிக்காரர்தான் எனக்கு ஜோடி, எனக்குப் போட்டியும் அவர்தான். அந்த மாசக் கடைசி ஞாயிறு பெரிய சவாரி. மலை மேலே இருக்கும் ஏரி வரைக்கும். முன்னால் போய் வழி காட்ட என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நான் வராவிட்டால் பேக்கரிக்காரர் முன்னால் போவார். ரொட்டி சுடுகிறவர் பின்னால் நான் போவதா? அதற்கு நான் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

சபதம் எடுத்த மறுநாள் காலை ஹெல்மெட்டோடு ஷெட்டுக்குப் போய் சாவியைத் திருப்பினேன். சின்ன வீடு வாயைத் திறக்கவில்லை. விளக்கு இல்லை, சத்தம் இல்லை, ஒன்றுமே இல்லை.

"என்ன சார், சவமா கெடக்கு?" என்றார் பேக்கரிக்காரர், தன் வண்டியை உறுமவிட்டபடி.

"ரெண்டு நிமிஷம்," என்றேன்.

சீட்டைத் தூக்கினேன். பேட்டரி நன்றாக இருந்தது. அடுத்தது மெயின் ஃபியூஸ். நகம் அளவு பிளாஸ்டிக், அதற்கு இரண்டு தகட்டுக் கால்கள், தலையில் மீட்டர் வைத்துப் பார்க்க இரண்டு புள்ளிகள். அந்த ஒன்று போனால் வண்டியே போச்சு என்று வாங்கிய அன்றே வீட்டில் எல்லாருக்கும் காட்டி விளக்கியிருந்தேன். பிடுங்கி, தலையில் மீட்டரை வைத்தேன். 'பீப்' என்றது.

"ஃபியூஸ் நல்லா இருக்கு," என்று அறிவித்தேன். ஒரு தடவை பார்த்ததை மறுபடி பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அந்த அவசியம் வந்ததில்லை.

பேக்கரிக்காரர் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் மீட்டரோடு தரையில் உட்கார்ந்தேன். ஃபியூஸ் வரைக்கும் கரண்டு வருகிறது, அதைத் தாண்டிக் காணோம். அப்படியானால் ஃபியூஸைப் பிடித்திருக்கும் பெட்டிதான் கெட்டிருக்க வேண்டும். பெட்டியைக் கழற்றிப் புதுசு போட்டேன். பழைய ஃபியூஸை அதில் பத்திரமாகச் செருகினேன். நல்லா இருக்கிறதை எதுக்கு மாற்ற வேண்டும்? சாவியைத் திருப்பினேன். அசைவே இல்லை.

மனைவி டீயோடு வந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்க மீட்டரே கெட்டுப் போயிருந்தா?"

"என் மீட்டரா!"

"சும்மா கேட்டேன். சமையலறை லைட்ல வச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்ல? அது ரெண்டு அறை அறைஞ்சாதான் எரியுது."

மீட்டரின் மானம் என் மானம். விடுவிடுவென்று போனேன், வைத்தேன், லூஸ் கனெக்‌ஷனைக் கண்டுபிடித்து முறுக்கினேன். லைட் அறை வாங்காமல் எரிந்தது.

"அட, மீட்டர் நல்லாத்தான் இருக்கு," என்றாள். "எக்ஸாஸ்ட் ஃபேன்லயும் ஒரு தடவை பாத்துட்டா சந்தேகமே இருக்காது."

அதிலும் பார்த்தேன். சந்தேகம் தீர்ந்தது. ஃபேன் சுற்றியது. சபதம் அப்போதே மீறப்பட்டுவிட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை. நான் செய்தது ரிப்பேர் இல்லையே, பரிசோதனை.

வார நாட்களில் நான் வீடு வந்து சேரும்போது இருட்டிவிடும். ஷெட்டில் விளக்கு கிடையாது. அது நான் போட வேண்டிய விளக்கு. ஆக, அடுத்த முயற்சி அடுத்த ஞாயிறு.

அன்று சாவி போடும் ஸ்விட்சை மாற்றினேன். ரிலேயை மாற்றினேன். எர்த் ஒயரைச் சுரண்டிப் புதுசாகக் கட்டினேன். என்னத்தைச் செய்தாலும் சின்ன வீடு ஊடலிலேயே இருந்தது.

"ஒரு ஒயரைத் தெரிஞ்சா எல்லா ஒயரும் தெரியும்னு சொல்வீங்களே," என்றாள் மனைவி, வாசற்படியில் உட்கார்ந்து. "வாஷிங் மெஷின் ஒயரும் இதே மாதிரிதானா?"

"எல்லாம் ஒண்ணுதான்."

"எனக்கு நம்பிக்கை இல்லீங்க. இது வெளிநாட்டு வண்டி. உங்களுக்குப் புரிபடலைன்னா அதுல ஒண்ணும் கேவலம் இல்ல."

எழுந்தேன். ஒரு மணி நேரம் வாஷிங் மெஷினைப் பிரித்துப் போட்டு அவளுக்குப் பாடம் எடுத்தேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். பாடம் முடிந்தபோது, இரண்டு வருஷமாக முழங்காலால் முட்டுக் கொடுத்தால் மட்டும் ஓடிக்கொண்டிருந்த அந்த மெஷின் தானாக ஓடியது. பாடத்தின் இரண்டாம் பகுதி இஸ்திரிப் பெட்டி.

மூன்றாவது ஞாயிறு எனக்கே பயம் வந்துவிட்டது. மெயின் ஒயரை முழுசாக உருவிப் புதுசு போட்டும் பலனில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"கை மறந்து போச்சோ என்னவோ," என்றேன். வாய்தவறி வந்துவிட்டது.

"சேச்சே! அப்படிச் சொல்லாதீங்க." பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏதாவது ஒரு வேலைல ஜெயிச்சுட்டு வாங்க. அப்புறம் இதுலயும் கை வந்துடும். இருட்டுல உக்காந்து யோசிச்சா யாருக்குத்தான் மூளை ஓடும்? ஷெட்டுக்கு முதல்ல ஒரு விளக்கு போடுங்க."

போட்டேன். கொஞ்சம் தைரியம் வந்தது.

"இன்னும் ஒண்ணு. குளியலறை ஹீட்டர் ஸ்விட்ச்."

"அதுல என்ன?"

"தொட்டா சுர்ருங்குது. ஒரு வருஷமா மரக்கரண்டியாலதான் போடுறேன். உங்ககிட்ட நாலு தடவை சொன்னேன், அடுத்த வாரம்னீங்க." குரல் லேசாக இறங்கியது. "எனக்கு பயமா இருக்குங்க."

ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்தேன். பின்னால் ஒரு ஒயர் கருகிப் போய், வெறும் கம்பி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஃபேக்டரியில் இப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் நான் ஊரையே கூட்டியிருப்பேன். என் வீட்டில் என் பெண்டாட்டி ஒரு வருஷமாக மரக்கரண்டியோடு நின்றிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் புதுசாக மாற்றினேன். அவள் முதலில் கரண்டியால் தட்டிப் பார்த்தாள், அப்புறம் விரலால். சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் வண்டியைக்கூட ஐந்து நிமிஷம் மறந்துவிட்டேன்.

கடைசி ஞாயிறு வந்தது. ஏழு மணிக்குக் கோஷ்டி வாசலுக்கு வரும். ஆறு மணியிலிருந்து போராடினேன். வண்டியில் நான் மாற்றாதது சீட்டும் பெயிண்டும்தான்.

"விடுங்க," என்றாள் மனைவி. "வர்றவங்க தெருவுலேர்ந்து கத்துறதாவது நிக்கட்டும். அந்தக் காலிங் பெல்லைப் பாத்துடுங்க. ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்."

எதில் மிச்சம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பெல்லைச் சரி செய்தேன். செய்து முடித்து ஸ்டூலிலிருந்து இறங்கவும் அது கணீரென்று அடித்தது. கதவைத் திறந்தால் பேக்கரிக்காரர், அவருக்குப் பின்னால் ஐந்து வண்டிகள்.

"என்ன சார், பெல்லெல்லாம் அடிக்குது! வண்டி?"

நான் ஸ்டூலை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"கவலைப்படாதீங்க. நான் முன்னாடி போறேன்," என்றார். அவர் முகத்தில் வரவழைத்திருந்த துக்கத்தைப் பார்த்தால் கோடாலியைத் தேடத் தோன்றியது.

அப்போது என் மனைவி ஷெட்டிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏங்க, இந்த ஃபியூஸை மாத்திப் பாத்தீங்களா?"

"ஃபியூஸ் நல்லா இருக்கும்மா! பீப்னு கத்துது!"

"புதுசு ஒண்ணு போட்டுப் பாக்குறேனே. என்ன கெட்டுப் போச்சு?"

ஏழு பேர் பார்க்க, சீட்டைத் தூக்கினாள். பழசைப் பிடுங்கினாள். புடவை முந்தானையில் முடிந்து வைத்திருந்த புது ஃபியூஸைச் செருகினாள். சாவியைத் திருப்பினாள். சின்ன வீடு, மூன்று வாரமாக ஒன்றுமே நடக்காதது மாதிரி, முதல் திருப்பலிலேயே உறுமியது.

கோஷ்டி கைதட்டியது. "சார், வீட்டுலயே இன்ஜினியரை வச்சுக்கிட்டு ஏன் சார் கஷ்டப்படுறீங்க?" என்றார் பேக்கரிக்காரர்.

பழைய ஃபியூஸைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கால்கள் இரண்டும் பளபளவென்று புதுசு மாதிரி இருந்தன. விரலால் தடவினேன். மோந்து பார்த்தேன். நிறமில்லாத நெயில் பாலிஷ். காலைப் பிடித்திருக்க வேண்டியவன் மூன்று வாரமாகத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

"எப்போடி?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக.

"நீங்க சபதம் போட்டு, ரெண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டு, டி.வி. முன்னாடி தூங்கினீங்களே, அப்போ. ரெண்டு கோட்டு."

"இதெல்லாம் யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தா?"

"நீங்கதான். முப்பத்தஞ்சு தடவை."

"சார், என்ன கோளாறாம்?" என்று கத்தினார் பேக்கரிக்காரர்.

யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் என் வார்னிஷ் கதை அன்றோடு செத்தது. அதை இனி எந்தக் கல்யாண வீட்டில் சொல்ல முடியும்?

"லூஸ் கான்டாக்ட்," என்றேன்.

ஏறி உட்கார்ந்தேன். முன்னால்தான் போனேன். சேறு, ஓடை, மேடு, ஏரி எல்லாம் வழக்கம்போல் அற்புதம். பின்னால் ரொட்டிக்காரர் என் சேற்றை வாங்கிக்கொண்டே வந்தார். ஏரிக் கரையில் நின்று அடுத்த சபதம் எடுத்தேன். ஃபியூஸ் பெட்டிக்கு ஒரு பூட்டு. சட்டைப் பையில் எப்போதும் நாலு ஃபியூஸ். இனி எவளும் என்னை ஏமாற்ற முடியாது.

வீடு திரும்பினால், பேக்கரிக்காரர் மனைவி எங்கள் வாசலில் விடைபெற்றுக்கொண்டிருந்தார். "ரொம்ப தேங்க்ஸ்க்கா. நாளைக்கே திருப்பிக் கொடுத்துடறேன்." கையில் ஒரு சின்ன பாட்டில்.

அடுத்த ஞாயிறு காலை பூட்டு, சாவி, நாலு ஃபியூஸ், ஹெல்மெட் சகிதம் தயாராக நின்றேன். போன் அடித்தது.

"சார்!" பேக்கரிக்காரர். அழாத குறை. "வண்டி சவமா கெடக்கு சார்! உங்களை மாதிரியே நானும் ஒரு மீட்டர் வாங்கிப் பாத்துட்டேன். ஃபியூஸ் நல்லா இருக்கு, பீப்னு கத்துது. என்னவா இருக்கும்?"

வாயைத் திறந்தேன். எதிரில் என் மனைவி டம்ளரைத் துடைத்தபடி, ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினாள். அவருடைய கதையைச் சொன்னால் என்னுடைய கதையையும் சொல்ல வேண்டும்.

"பேட்டரியா இருக்கும்," என்றேன். "மாத்திப் பாருங்க."

போனை வைத்தேன். நண்பனுக்குத் துரோகம் செய்துவிட்டேன்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி, பொய் சொல்வானேன். இன்றைக்கு அவர் முறை, நான் மட்டும் காட்டுக்குப் போவேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கேட்டேன்.

"அவங்க வீட்டு லிஸ்ட்ல எத்தனை வேலை?"

"பதினொண்ணு," என்றாள். "அதுல எட்டு கரண்ட் வேலை. அவருக்கு ஒயர்னாலே பயமாம், பத்து மணிக்கு நீங்க வருவீங்கன்னு சொல்லிட்டேன்."