கறுத்த தக்காளிக்கு நான் பார்த்த வைத்தியம்

எனக்கு எழுபத்தாறு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்தேன். செடிகளை எண்ணியதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் தக்காளி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்ற திமிர், அமெரிக்காவில் இந்த எடிசன் ஊருக்கு வந்த பிறகும் குறையவில்லை.

போன வருஷம் குளிர் விடுவதற்குள் மருமகள் சுபா கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தாள். "அத்தை, இந்த தடவை நமக்குத் தெரியாத ரகமா மூணு ட்ரை பண்ணலாம். ரெண்டு நீங்க செலக்ட் பண்ணுங்க. ஒண்ணு என் சர்ப்ரைஸ்." நான் படத்தைப் பார்த்து மஞ்சளில் ஒன்றும் வரி போட்டதில் ஒன்றும் காட்டினேன். (மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு யோசித்ததில்லை.)

சுபா அதுவரை கொத்தமல்லிகூட முளைக்க வைத்ததில்லை. தன் ரகத்தை மட்டும் பேஸ்மென்டில் விளக்கு போட்டு, விதையிலிருந்து வளர்த்தாள். தோட்டத்தில் நட்ட பிறகு, மன்ஹாட்டன் ரயிலுக்கு ஓடும் அவசரத்திலும் ஷூவோடு போய் அதை ஒரு பார்வை பார்ப்பாள்.

ஜூலையில் அதில் காய் பிடித்தது. பருக்கப் பருக்கக் காம்போரம் கறுத்துக்கொண்டே வந்தது. பக்கத்துக் குச்சியில் என்னவோ இங்கிலீஷில் எழுதியிருந்தது. பேத்தி நிலாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கலாம். என் கௌரவம் என்ன ஆவது? மற்ற செடிக்கும் தொற்றிவிடும் என்று வேரோடு பிடுங்கி, துண்டு துண்டாக நறுக்கி, குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாகக் காபி குடித்தேன்.

சாயங்காலம் சுபா வந்ததும் பெருமையாகச் சொன்னேன். "உன் செடிக்கு வியாதிம்மா. நல்லவேளை நான் பாத்தேன்."

அவள் கைப்பையைக்கூட இறக்கவில்லை. "அது வியாதி இல்ல அத்தை. அந்த ரகமே கறுப்புதான்."

திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவள் கைப்பையோடு மாடிக்குப் போய்விட்டாள்.

நான் நேராகத் தெருவோரத் தொட்டிக்குப் போய், தலைகீழாக உள்ளே கவிழ்ந்தேன். நாயோடு வந்த பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், "ஆர் யூ ஓகே?" என்றார். "ஓகே, ஓகே" என்றேன், தொட்டிக்குள்ளிருந்தே. ஒரு சாண் கிளை வாடாமல் கிடைத்தது. தண்ணீர் டம்ளரில் வைத்தேன். எட்டாம் நாள் வெள்ளை வேர் விட்டது.

வாளியில் நட்டு, குளிர் ஆரம்பித்ததும் காலையில் வெயிலுக்கு, சாயங்காலம் வீட்டுக்குள் என்று கைக்குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கித் திரிந்தேன். (மூட்டுவலி டாக்டருக்கு இது தெரியாது.) அக்டோபரில் ஒரே ஒரு பழம் பழுத்தது. சுபா அதை நாலாக நறுக்கி, முதல் துண்டை என் வாயில் வைத்தாள்.

"எப்படி இருக்கு அத்தை?"

"புளிப்பு கம்மி. ரசத்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

போன மாதம் நிலா தலைமுடிக்கு ஊதா நிறம் அடித்துக்கொண்டு வந்து நின்றாள். நான் வாய் திறப்பதற்குள் சுபா சொன்னாள்: "அத்தை, வியாதி இல்ல. ரகம்." என் மகனுடைய குறட்டைக்கும் இந்த வீட்டில் இப்போது அதே தீர்ப்புதான்.

ஆனால் என் மேல்தான் தப்பு என்று சுபாவிடம் இன்றுவரை நான் வாயால் சொன்னதில்லை. அதனால்தான் இதை எழுத்துக்கூட்டி எழுதினேன்.

நிலா, இங்க வா கண்ணு. நான் எழுதினது சரியா இருக்கான்னு படிச்சுக் காட்டு. சத்தமாப் படி. உங்கம்மா சமையல்கட்டுலதான் இருக்கா.