பூஜைக்கு வைத்த டிரில்

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்றரை. ஓசூர் சிப்காட்டில் தான் வேலை பார்க்கும் கம்பெனி வாசலில் நல்லுசாமி நின்றிருந்தார். ஆயுத பூஜை. இயந்திரங்களுக்கு மாலை, ஆட்களுக்குப் பொரிகடலை. பூசணிக்காய் உடைக்கும்வரைகூடப் பொறுக்காமல், பக்கத்தில் அகப்பட்ட, தனக்குக் கீழே வேலை பார்க்கும் ஜெகதீஷுக்கு, பிரஷ் வைத்த மோட்டாருக்கும் பிரஷ் இல்லாத மோட்டாருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் மனைவி வினிதா போனில் அழைத்தாள்.

"அக்கா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. பேச்சே இல்லைங்க. சீக்கிரம் வாங்க."

நல்லுசாமி தனி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஓர் இனம். 'எதையும் ஆராய்ந்து வாங்குகிறவர்கள்' என்று இந்த இனத்தார் தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் வைத்திருக்கும் பெயர் வேறு. அதை இங்கே எழுத முடியாது. எங்கள் பக்கத்தில் இந்த இனம் நன்றாகவே செழிக்கும். பகல் முழுக்கக் கம்பெனியில், தரச் சோதனை என்று மற்றவர் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவருக்கு, வீட்டுக்கு வந்தபின் தானே ஒரு வேலையைச் செய்து, அதில் இன்னொருவர் குறை காணும்படி விட மனம் வருமா?

அக்கா பவளம், கணவர் போனபின் பாரூரிலிருந்து தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவர். மூட்டு ஆபரேஷன் ஆன கால். குளியலறையில் எழுந்திருக்கத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொள்வார். "குழாய் ஆடுதுடா தம்பி, செவுத்துல ஒரு கைப்புடி மாட்டிக் குடு" என்று சித்திரையில் கேட்டார். அன்று மாலையே நல்லுசாமி கைப்பிடியை வாங்கிவந்துவிட்டார். அக்காவை நிற்கவைத்து, கை எட்டும் உயரம் பார்த்து, டைல்ஸில் பென்சிலால் புள்ளிகளும் வைத்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அடுத்து ஒரு டிரில்லை இரவல் வாங்கி, டீ ஆறுவதற்குள் வேலையை முடித்திருப்பார்கள். எதிர்வீட்டுக் கிங்ஸ்டன் கொண்டுவந்து தருகிறேன் என்றும் சொன்னார்.

"வயர் போட்ட மெஷினுங்களா?" என்று கேட்டார் நல்லுசாமி.

"ஆமாங்க. பழசுதான். நல்லா ஓட்டை போடும்."

"ஓட்டை எந்த மெஷினும் போடுமுங்க. டைல்ஸ் விரிசல் விட்டா?"

கிங்ஸ்டன் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இந்த இனத்தோடு பழகியவர்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

அன்றிலிருந்து தொடங்கியது ஆராய்ச்சி. பன்னிரண்டு வோல்ட் போதுமா பதினெட்டு வேண்டுமா என்று பார்த்து, பதினெட்டு என்று முடிவானதும் அதன் எடை கைக்கு ஆகுமா என்று கவலைப்பட்டு, யாரோ ஒருவர் எங்கோ ஒரு கேரேஜில் கான்கிரீட்டைத் துளைக்கும் வீடியோக்களைச் சோறு ஆற ஆறப் பார்த்து, ஒரு பேட்டரியா இரண்டா என்று கம்பெனி பஸ்ஸில் வாக்கெடுப்பு நடத்தி, ஓசூர்க் கடைக்காரர்களை நம்பாமல் அத்திப்பள்ளி தாண்டி ஞாயிறுதோறும் பெங்களூர் போய், டிரில்களைக் கையில் தூக்கிப் பார்த்து, விசையை அழுத்தி இரைச்சலைக் கேட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டுத் திரும்பினார். யோசித்தார். ஆடி போனது. ஆவணி போனது.

"நான் கேட்டது கைப்புடிடா. நீ என்னமோ பொண்ணு பாக்கற மாதிரி பாத்துட்டு இருக்க" என்றார் அக்கா.

"தப்பா வாங்கிடக் கூடாதுக்கா."

"சானமாவுக் காட்டுல யானைக் கூட்டம் ரோட்டைத் தாண்டறதுக்குக்கூட இவ்ளோ நேரம் ஆவாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்க் கடைக்காரர், நாலைந்து முறை பார்த்த முகமாயிற்றே என்று, "ஏனு கெலசா சார்?" என்று கேட்டேவிட்டார். என்ன வேலைக்கு என்று கேட்கிறார். எவ்வளவு எளிய கேள்வி! பாத்ரூமில் ஒரு கைப்பிடி என்று சொல்ல நல்லுசாமிக்கு நாக்கு எழவில்லை. இத்தனை மாத ஆராய்ச்சிக்கு அந்த வேலை மிகச் சிறியது. "எல்லா வேலைக்கும்" என்றார். இந்த இனம் கூசுகிற ஒரே இடம் இதுதான். அவர்களுக்குக் கருவி வேண்டும். வேலை என்று ஒன்று நடுவில் வந்து நிற்பது பிடிக்காது.

கடைசியில் வாங்கியும்விட்டார். பதினெட்டு வோல்ட், இரண்டு பேட்டரி, கறுப்புப் பெட்டி. வீட்டில் பெட்டியைத் திறந்தபோது அக்கா கைத்தடியோடு நடந்துவந்து நின்றார்.

"அப்ப இன்னிக்கு மாட்டிடுவியா?"

"புது மெஷின், அக்கா. இன்னும் நாலு நாள்ல ஆயுத பூஜை. பொட்டு வச்சு பூஜை போட்டுட்டுக் கை வைப்போம்."

"ஓட்டை போடறதுக்கு நல்ல நேரமா?" என்று வினிதா கேட்டாள்.

"கம்பெனியில பூஜை போடாம புது மெஷின ஓட விடுவாங்களா?"

அக்காதான் சமாதானம் செய்தார். "விடு வினிதா. இத்தன நாள் இருந்தேன், நாலு நாள் இருக்க மாட்டனா?"

பூஜையன்று விடிந்ததும் டிரில்லுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் படுக்கவைத்துவிட்டு நல்லுசாமி கம்பெனிக்குக் கிளம்பினார். வீட்டுப் பூஜை மாலையில். அதற்குச் சுண்டல் செய்ய வேண்டுமே என்று அக்கா தலைக்கு ஊற்றிக்கொள்ளப் போனார். எழும்போது குழாயைப் பிடித்தார். குழாய் கையோடு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போனது.

மூன்றாம் நாள் ஜெகதீஷ் துக்கம் விசாரிக்க வந்தான். வினிதா காட்டிய இடத்தில் உட்கார்ந்தான். பிறகு சாமி படத்துக்குக் கீழே, காய்ந்த இலைமேல் இருந்ததைப் பார்த்தான்.

"இதுதாங்களா சார் அது?"

"ம்."

"கான்கிரீட் துளைக்க ஹேமர் மோடு இருக்குங்களா?"

"இருக்கு. பிரஷ்லெஸ்" என்றார் நல்லுசாமி. மூன்று நாளாகக் கம்மிக் கிடந்த குரல் அந்த ஒரு சொல்லில் மட்டும் தெளிந்தது. வினிதா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இவ்வளவு தூரம் படித்த நீங்கள் இப்போது நல்லுசாமியை வாயாரத் திட்டுவீர்கள். திட்டுங்கள், தகும். திட்டி முடித்தபின், உங்கள் வீட்டில் உங்களிடம் யாரோ ஒன்று கேட்டார்களே, இதோ பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றீர்களே, அது என்ன என்று கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள். எதிர்வீட்டில் இரவல் கிடைக்காத அளவுக்கு அது அப்படி என்ன அபூர்வமான வேலை?

நல்லுசாமி வீட்டுக் குளியலறையில் குழாயைப் புதிதாக மாற்றிவிட்டார்கள். கைப்பிடி கதவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையோடு சாய்ந்திருக்கிறது. டைல்ஸில், அக்காவின் கை எட்டும் உயரத்தில் வைத்த பென்சில் புள்ளிகள் இன்னும் அழியவில்லை. எதிலும் ஓட்டை இல்லை.